தோலும் கல்லும்: ராணுவ வரலாற்றில் நம் பெயர்கள்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் பேருரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 அன்று பேச அழைத்தால் அரசமைப்புச் சட்டம் பற்றிப் பேசுவார்கள், பௌத்தம் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் இன்று ராணுவம் பற்றிப் பேசப் போகிறோம். இது அண்ணலுக்கு அந்நியமான பொருள் அல்ல. 1891 ஏப்ரல் 14 அன்று அவர் பிறந்ததே மோவ் ராணுவக் குடியிருப்பில்தான். தந்தை ராம்ஜி சக்பால் கும்பனி வழிவந்த படையில் சுபேதார். ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடம் வாசலில் நிறுத்திய குடும்பத்துக்கு ராணுவப் பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுத்தது. அதே ராணுவம் 1890களில் மகர்களை இனிச் சேர்க்க வேண்டாம் என்று கதவைச் சாத்தியது. திறந்த கதவும் சாத்திய கதவும் சேர்ந்ததுதான் நமக்கும் ராணுவத்துக்குமான வரலாறு. அதைப் புத்தகத்திலிருந்து தொடங்காமல் ஒரு குடும்பப் பயணத்திலிருந்து தொடங்குகிறோம்.

கோட்டைக்குள் ஐந்து பேர்

கடந்த கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும், எங்கள் அம்மாவும், இரண்டு பிள்ளைகளும் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனோம். காரணம் எங்கள் மூத்த மகள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நாமக்கல் பாறைக்கோட்டையில் ஏறியிருக்கிறாள். சங்ககிரி மலைக்கோட்டையின் வாசல்களை ஒவ்வொன்றாகக் கடந்து உச்சிவரை போயிருக்கிறாள். இரண்டு இடத்திலும் பார்த்தது மதில்தான். "கோட்டை இருக்குது, சண்டை போட்ட சாமானெல்லாம் எங்க?" என்று கேட்டாள். சாமான்கள் சென்னையில் இருக்கின்றன என்றோம். சேலம் சந்திப்பில் இரவு ரயில் ஏறினோம்.

அந்தக் கட்டடத்தின் கதையே ஒரு பாடம். 1795இல் கட்டி முடிக்கப்பட்ட அது, வணிகர்கள் கூடி விலைபேசிய பரிவர்த்தனைக் கூடம். 1796 முதல் சில பத்தாண்டுகள் அதன் உச்சியில்தான் சென்னையின் கலங்கரை விளக்கம் எரிந்தது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சரக்கு விலை பேசிய கூடத்தில் இன்று வாள்களும் துப்பாக்கிகளும் சீருடைகளும் பதக்கங்களும் படைக்கொடிகளும் இருக்கின்றன. வணிகமும் படையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை அந்தச் சுவர்களே சொல்லிக்கொடுக்கின்றன.

சிலையின் பீடத்தில் நம் ஊர்

அங்கே கார்ன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை நிற்கிறது. லண்டன் சிற்பி தாமஸ் பேங்க்ஸ் வடித்தது. 1800இல் சென்னைக்கு வந்தது. பலரும் ஆளின் உயரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பிள்ளைகளின் கண்மட்டத்தில் இருப்பது பீடம்தான். அந்தப் பீடத்தில் ஒரு புடைப்புச் சிற்பம். திப்பு சுல்தானின் மகன்கள் இருவர் கார்ன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி.

ஆண்டு 1792. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் சீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை. திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தரவேண்டும், அதுவரை மகன்கள் இருவர் கும்பனியின் பிடியில் இருக்க வேண்டும். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு எட்டு வயது அளவில். எங்கள் சின்னவன் அந்தக் கல்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். "இவங்க அப்பா பணத்துக்காக இவங்கள குடுத்துட்டாரா?" என்றான். அவனுக்குப் பதில் சொல்வது எளிதாக இல்லை.

அவனுக்கு நாங்கள் சொல்லாத இன்னொரு பகுதி உண்டு. அதை உங்களுக்குச் சொல்கிறோம். அந்த உடன்படிக்கையில் பிள்ளைகளோடு சேர்ந்து கைமாறியது நம் ஊர். மலபார், திண்டுக்கல் ஆகியவற்றோடு பாரமகாலும் சேலம் சமவெளியும் அன்றுதான் கும்பனிக்குப் போயின. ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று இன்று நாம் பேருந்துப் பலகையில் படிக்கும் பெயர்கள் அந்தக் கணக்கில் வருகின்றன. நிலத்தைக் கொடுத்தவர் தரப்பும் வாங்கியவர் தரப்பும் சிற்பத்தில் இருக்கின்றன. அந்த நிலத்தில் கிணறு வெட்டியவர்கள், ஏர் ஓட்டியவர்கள், ஏற்றத்துக்குத் தோல் தைத்தவர்கள் அந்தக் காட்சியில் எங்கும் இல்லை. அவர்களோடு யாரும் உடன்படிக்கை செய்துகொள்ளவும் இல்லை.

அடுத்து வந்த நிர்வாகமும் ராணுவ நிர்வாகமே. முதல் கலெக்டர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்த மன்றோ, மெக்லியோட், கிரகாம் மூவரும் சென்னைப் படையின் அதிகாரிகள். வாளை உறையில் போட்டுவிட்டு அளவுச் சங்கிலியைக் கையில் எடுத்தவர்கள். ரயத்துவாரி முறைக்கு வேர் பிடித்தது இந்தச் சமவெளியில்தான். கும்பனிக்கும் உழவனுக்கும் நடுவே ஜமீன்தார் வேண்டாம் என்றார்கள். நல்லது. ஆனால் 'உழவன்' என்று பட்டாவில் ஏறியவர் வரி கட்டக்கூடிய குடியானவர். அவரிடம் ஆண்டுக் கூலிக்குப் பண்ணையம் இருந்தவர் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. பாரமகால் ஆவணங்களில் குடிகளைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. அதில் சாதிகளும் அவற்றின் தொழில்களும் விவரிக்கப்படுகின்றன. சாதி பதிவானது, தொழில் பதிவானது, தொழில் செய்த மனிதரின் பெயர் பதிவாகவில்லை. இன்றைக்கு நாங்கள் பேச வந்தது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

உறையின் தையல்

வாள்கள் இருக்கும் பகுதிக்கு வந்தோம். பிள்ளைகள் வாளின் நீளத்தைப் பார்த்தார்கள். எங்கள் அம்மா வாளைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து, தோலுறையின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தியைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு கண்ணு. இது ரெட்டை ஊசித் தையல். ஒரே நூலு, ரெண்டு பக்கமும் ஊசி. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்த தையல் உடாது. எங்கய்யன் பறி தைக்கறப்ப இப்படித்தான் தைப்பாரு."

எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். அந்தக் கூடத்தில் எழுதி வைத்திருந்த எதையும் அவர் படிக்கவில்லை. எழுதாத ஒன்றைப் படித்தார்.

உலகத்தின் எந்த ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போனாலும் ஒரு பொருளுக்கு அருகில் மூன்று செய்திகள் இருக்கும்: யாருடையது, எந்தப் போர், எந்த ஆண்டு. தைத்தவர் யார், பதனிட்டவர் யார் என்ற வரி இருக்காது. வாள் என்றால் அணிந்தவனின் வரலாறு. இது ஏதோ ஒரு நிறுவனத்தின் தவறல்ல. ராணுவ வரலாறு என்ற துறையே அப்படி வளர்ந்தது.

அந்த உறை சென்னையில் தைத்ததா, லண்டனில் தைத்ததா? தையலை மட்டும் வைத்து அது நம் முன்னோரின் கை என்று நாங்கள் உரிமை கொண்டாட மாட்டோம். சான்று இல்லாமல் பெருமை பேசுவது மற்றவர்கள் செய்யும் வேலை. லண்டனில் தைத்திருந்தால் அங்கும் ஒரு ஏழைத் தோல்தொழிலாளி இருந்திருப்பார். ஆனால் தோல் எப்படிப் பயணம் செய்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சென்னை மாகாணத்தின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று பதனிட்ட மாட்டுத்தோல். 'ஈஸ்ட் இந்தியா கிப்' என்பது அதன் வணிகப் பெயர். அதைப் பதனிடத் தேவைப்பட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். நம் சமவெளியின் மேட்டு நிலத்தில் மஞ்சள் பூத்து நிற்கும் அதே ஆவாரை. கொல்லிமலையிலிருந்து இறங்கும் அதே கடுக்காய். செத்த மாட்டை இழுத்து வந்து, தோலுரித்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் வழித்து, பட்டைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து மிதித்த கால்கள் யாருடையவை என்று இந்த அரங்கத்தில் சொல்லத் தேவையில்லை. முதல் உலகப்போர் வந்தது. பிரிட்டன் படைக்குக் காலணி வேண்டும், காலணியின் மேல்தோலுக்குச் சென்னைத் தோல் வேண்டும். அரசே பதனிட்ட தோலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து வாங்கியது. பிரான்சின் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற பூட்ஸ்களில் சென்னை மாகாணத்துத் தோல் இருந்தது. நம் சேரிகள் அந்தப் போரில் நான்கு ஆண்டுகள் பங்கெடுத்தன. போர்க்கணக்கில் அது 'சரக்கு' என்று எழுதப்பட்டது.

அரசுக்குத் தோலின்மேல் அக்கறை இல்லாமல் இருந்ததில்லை. 1903இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனதில் இருந்த முதல் பயன்களில் ஒன்று கவலை ஏற்றத்துக்கான தோல்பறி. தண்ணீரில் சீக்கிரம் அழுகாத பறி உழவருக்கு வேண்டும் என்பது அவர் கணக்கு. சேலத்தில் அரசு நெசவுக்கூடம் நடத்திப் பார்த்தவரும் அவர்தான். பறி நீண்டகாலம் உழைக்க வேண்டும் என்று அரசு யோசித்தது. பறி தைப்பவர் நீண்டகாலம் வாழ வேண்டும் என்று யோசித்ததாக ஒரு கோப்பும் இல்லை. எங்கள் அம்மாவின் அய்யன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பறி தைத்தவர். கிணற்று மேட்டில் மின்மோட்டார் வந்தது, கவலை நின்றது, அவர் தையலும் நின்றது. அவர் பிள்ளைகள் நகரத்துக்குத் துடைப்பம் பிடிக்கப் போனார்கள். சேலம், ஈரோடு, நாமக்கல் நகரங்களின் தெருக்கள் எப்போது சுத்தமாயின என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் கேட்க வேண்டும்.

படைக்குள்ளேயும் நாம் இருந்தோம். கும்பனிப் படை நகர்ந்தால் துப்பாக்கி ஏந்தியவரைவிடப் பன்மடங்கு ஆட்கள் பின்னால் நடந்தார்கள். கொல்லர், தச்சர், பல்லக்குத் தூக்கி, மாடோட்டி, தோல் தைப்பவர். தோல்பையில் தண்ணீர் சுமந்தவருக்கு 'பக்காலி' என்று பெயர். வெயிலில் சண்டை நடக்கும்போது வரிசைக்கு நடுவே போய்த் தண்ணீர் ஊற்றியவர் அவர். ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத நாட்டில், போர்க்களத்தில் தோல்பைத் தண்ணீரை எந்தச் சாதிக்காரன் மறுத்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே அருங்காட்சியகத்தில் ஒரு மரக்கூண்டு இருக்கிறது. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத கூண்டு. 1840இல் அபினிப் போரின்போது சீனர்கள் சென்னைப் பீரங்கிப் படையின் கேப்டன் ஆன்ஸ்ட்ருதரைப் பிடித்து அடைத்து வைத்த கூண்டு. அவர் உயிரோடு திரும்பினார், கூண்டும் திரும்பி வந்தது. அவர் பிடிபட்ட அன்று நில அளவைக்கு அவரோடு போன வயதான லஸ்கர் ஒருவர் அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டார். கூண்டைப் பார்த்த மகள், "அந்தத் தாத்தா பேரு என்ன?" என்று கேட்டாள். நாங்கள் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தோல் தலையில் ஏறியபோது

வேலூர்ப் புரட்சியை எல்லோரும் படித்திருக்கிறோம். 1806 ஜூலை 10. கார்ன்வாலிஸ் பீடத்தில் பார்த்த அந்தக் குடும்பம், திப்பு வீழ்ந்த பிறகு, வேலூர்க் கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டிருந்தது. புரட்சிக்குச் சம்பளக் குறை, அவமதிப்பு, திப்பு குடும்பத்தின்மேல் இருந்த பற்று எனப் பல காரணங்கள் உண்டு. நெருப்பைப் பற்றவைத்த பொறியாகப் பாடநூல் சொல்வது புதிய தலைப்பாகையை. நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவு. அது மாட்டுத்தோலா பன்றித்தோலா என்று வீரர்கள் கொதித்தார்கள்.

அந்நிய ஆட்சிக்கு எதிரான அந்தக் கொதிப்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. அங்கே சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் பீரங்கி வாயில் கட்டப்பட்டவர்களும் நம் மரியாதைக்குரியவர்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. அதே வீரனின் காலில் தோல் இருந்தது. இடுப்பில் தோல்வார் இருந்தது. தோளில் தோட்டாப்பை தோலில் தொங்கியது. வாளுறை தோல். அவை எதுவும் தீட்டாகவில்லை. தோல் காலில் கிடக்கும்வரை சேவை, தலைக்கு ஏறினால் அவமானம். மனிதர்களை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று சாதி வகுத்த கணக்கை அவர்கள் தோலுக்கும் வகுத்தார்கள். வேலூரைப் பற்றி எழுதும் மாணவர்கள் இந்த ஒரு பத்தியையும் தங்கள் ஆய்வில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பெயர் வெட்டிய கல், எண் வெட்டிய கல்

இப்போது அண்ணலிடம் வருவோம். 1927 ஜனவரி 1 அன்று அவர் புனே அருகே பீமா ஆற்றங்கரையில் உள்ள கோரேகான் தூணுக்குப் போனார். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வாவின் பெரும்படையைக் கும்பனியின் சிறுபடை அங்கே தடுத்து நின்றது. பம்பாய்க் காலாட்படையோடு, இரண்டு பீரங்கிகளுடன் சென்னைப் பீரங்கிப் படையின் சிறு பிரிவும் அதில் இருந்தது. தூணில் 49 பெயர்கள். அவற்றில் 22 மகர் பெயர்கள்.

பேஷ்வா ஆட்சியில் தீண்டாமை எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதையும், அதனால் அந்தத் தூணுக்கு வந்த பொருளையும் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வேறொன்றைக் கவனிக்கச் சொல்கிறோம். கும்பனி அந்தத் தூணை நட்டது தன் வெற்றிக்காக. மகர்களைப் பெருமைப்படுத்த அல்ல. ஆனால் கல்லில் பெயரை வெட்டிவிட்டது. நூறு ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெயர்களைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்தார். இவர்கள் எம்மவர் என்றார். போர் வீரம் எங்களுக்கு இல்லை என்று சொல்லி எங்களைப் படையிலிருந்து விலக்கினீர்களே, இந்தக் கல்லுக்கு என்ன பதில் என்று கேட்டார். 1941இல் மகர் படைப்பிரிவு உருவானதற்குப் பின்னால் அண்ணலின் இடைவிடாத வற்புறுத்தல் இருந்தது. பெயர் வெட்டியிருந்ததால் கேட்க முடிந்தது.

சென்னை மாகாணத்திலும் அதே கதவு சாத்தப்பட்டது. 1780இல் தொடங்கிய சென்னைப் பயனியர்கள் பிற்பாடு சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் ஆனார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணி வைப்பது அவர்கள் வேலை. பறையர் மக்கள் பெருமளவில் இருந்த படை அது. 1880களின் தொடக்கத்தில் சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியானார். தென்னாட்டவர் போர்க்குணம் இல்லாதவர்கள், வடமேற்கின் 'வீர இனங்களே' படைக்கு ஏற்றவர்கள் என்ற கொள்கைக்கு அவர் வலுவேற்றினார். சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1928இல் கடைசிப் படைப்பிரிவும் போனது. இரண்டாம் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1941இல் மீண்டும் கூப்பிட்டார்கள். சாப்பர்கள் மட்டும் இடையில் தொடர்ந்து இருந்தார்கள். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர்களை எந்தப் படையும் முழுதாக அனுப்பிவிடாது.

நம் பக்கத்துக் கற்களைப் பாருங்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் பல ஊர்களில் சின்னப் பலகைக்கற்கள் பதித்தார்கள். பழைய பள்ளிக்கூடத்துச் சுவரில், சத்திரத்துச் சுவரில், சாவடியில் சுண்ணாம்புக்கு அடியில் அவை இன்னும் இருக்கின்றன. அவற்றின் வாசகம் ஊருக்கு ஊர் ஒன்றுதான். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். ஊர்ப்பெயர் மாறும், எண் மாறும். ஆள் பெயர் இருக்காது. கோரேகானில் பெயர், இங்கே எண். பெயரைப் படிப்பவர் வந்து உரிமை கோரலாம். எண்ணை யார் உரிமை கோருவது?

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க மக்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அது ஒப்புக்கொண்டது. இறப்பில் எல்லோரும் சமம் என்ற கொள்கையோடு தொடங்கிய ஆணையம் அது. வெள்ளைச் சிப்பாய்க்குத் தனிக்கல்லும் பெயரும், சுமை தூக்கிக்கு மொத்தமாக ஓர் எண்ணும். நூறு ஆண்டு கழித்து மன்னிப்பு வந்தது. பெயர்கள் முழுதாக வரவில்லை. எழுதாத பெயரை மன்னிப்பால் மீட்க முடியாது.

செருப்புக்குள் ஓலை

கல்லில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை என்ற இடத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? கதை சொன்னார்கள்.

சங்ககிரிக் கோட்டையில் 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். ஆடிப்பெருக்கு நாளில் அவர் நினைவுக்கு அரசு மாலை வைக்கிறது, கட்சிகள் வரிசையில் நிற்கின்றன. அவர் படையில் இருந்த பொல்லானை நம் பாட்டிகள் எப்போதும் சொல்லி வந்தார்கள். வெள்ளைக்காரன் முகாமில் செருப்புத் தைப்பவராக இருந்து, படை நகர்வுச் செய்தியை ஓலையில் எழுதிச் செருப்புக்குள் வைத்துத் தைத்து அனுப்பினார். கண்டுபிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். இது நம் வளவுகளில் வழங்கும் வரலாறு. அருந்ததியர் அமைப்புகள் பல ஆண்டுகள் கோரிக்கை வைத்துப் போராடிய பிறகே, ஈரோடு மாவட்டத்தில் பொல்லானுக்குச் சிலையும் அரங்கமும் அமைக்கத் தமிழக அரசு முன்வந்தது.

"இதற்குக் கும்பனி ஆவணம் எங்கே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், எல்லா வீரர்களிடமும் ஒரே குரலில் கேட்டால். நாங்கள் சமூகவியல் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்று சொல்கிறோம். ஒரு மக்கள் கூட்டம் தன் வீரனுக்கு எந்த ஆயுதத்தைக் கொடுக்கிறது என்பதே ஓர் ஆவணம். நம் மக்கள் பொல்லான் கையில் வாளைக் கொடுக்கவில்லை. தாங்கள் தைத்த செருப்பைக் கொடுத்தார்கள். எந்தச் செருப்பு? பண்ணாடி தெருவில் நடக்கும்போது கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விதிக்கப்பட்ட செருப்பு. தைக்கலாம், போடக் கூடாது என்ற செருப்பு. அதற்குள் ரகசியத்தை வைத்து அதை ஆயுதமாக்கிய கதையை நம் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

சேணம் இல்லாத குதிரை

திரும்பும் வழியில் தீவுத்திடல் பக்கம் மன்றோ சிலையைப் பார்த்தோம். முப்பது வயதளவில் நம் சமவெளிக்கு ரீடின் உதவியாளராக வந்தவர், கவர்னராகிக் கடைசியில் வெண்கலக் குதிரைமேல் ஏறி நிற்கிறார். 1839இல் நிறுவிய சிலை. அதில் சென்னைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வேடிக்கை உண்டு. குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. சிற்பி சாண்ட்ரி அப்படித்தான் வடித்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னோம். அண்ணாந்து பார்த்துவிட்டு, "தைக்கறவனைக் கூப்பிடாம ஏறிட்டாரு போல" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ராணுவ வரலாறு எழுதப்பட்ட விதத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

ஓர் எச்சரிக்கையோடு முடிக்க வேண்டும். நாமும் படையில் இருந்தோம் என்று சொல்லும்போது அந்தப் படை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 37ஆம் சென்னைக் காலாட்படை சீனாவுக்குப் போனது அபினி வணிகத்தைக் காப்பாற்ற. நம்மைப் போன்ற ஏழைகளின் மண்ணில்தான் அது நின்றது. சீருடை நம் முன்னோருக்குச் சோறும் எழுத்தும் ஓய்வூதியமும் தந்தது உண்மை. அதே சீருடை இன்னொரு நாட்டின் சேரியை நோக்கித் துப்பாக்கி நீட்டியதும் உண்மை. அண்ணல் கோரேகானுக்குப் போனது கும்பனியைக் கும்பிட அல்ல. அடைத்த கதவைத் தட்ட. போரைக் கொண்டாடுவதும் உழைப்பைப் பதிவுசெய்வதும் வெவ்வேறு வேலைகள். நமக்கு இரண்டாவது வேலை காத்திருக்கிறது.

மாணவ நண்பர்களே, அந்த வேலை பெரிய நிதி கேட்பதல்ல. உங்கள் ஊரில் 1914–1919 என்று வெட்டிய கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு ஊர் மூத்தவர்களிடம் போய்ப் பெயரைக் கேளுங்கள். ஐந்து பேர் என்று கல் சொன்னால் ஐந்து பெயர் கிடைக்கும்வரை விடாதீர்கள். யார் வீட்டுத் தகரப்பெட்டியிலாவது பதக்கமோ, படையிலிருந்து விலகிய சீட்டோ இருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போடவிடாதீர்கள். குத்தூசி, தோல்வெட்டும் கத்தி, பறியின் துண்டு எதுவானாலும் யாருடையது என்று எழுதி வையுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆவாரம்பட்டை உரித்தது, இடித்தது, சுமந்தது அவர்கள்தான். ஆண்கள் சொல்லும்போது அது விட்டுப்போகும். இந்த மன்றம் அடுத்த ஆண்டு இதே நாளில் கூடும்போது பேருரை வேண்டாம், நீங்கள் கொண்டுவரும் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம்.

எங்கள் மகள் ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தாள். வீட்டுப் பரணில் அம்மாவின் அய்யன் பயன்படுத்திய குத்தூசி ஒன்று கிடந்தது. பிடி தேய்ந்து விரல் பதிந்திருக்கும். அதை எடுத்துத் துடைத்து, அலமாரியில் வைத்து, நோட்டுத்தாளைக் கிழித்து எழுதி முன்னால் சாய்த்து வைத்தாள். யாருடையது, எதற்குப் பயன்பட்டது, எந்த ஊர் என்று மூன்று வரி. ஆண்டு எழுத வேண்டிய இடத்தில் ஆயாவைக் கேட்டாள். "கவலை ஓடுன காலம்னு எழுது கண்ணு" என்றார் அம்மா. அப்படியே எழுதியிருக்கிறாள். முதல் வரியில் அவர் பெயர் இருக்கிறது.